ஆறு தையலும் ஒரு போர்டும்

1/
இன்னிக்கு சர்க்கரை, பிரஷர், டெங்கு எதுவும் இல்லை. வாசல்ல மாட்டற போர்டைப் பத்தி ஒரு பதிவு. கொஞ்சம் நீளம்தான். கடை, ஆபீஸ், கிளினிக், டியூஷன் சென்டர்னு எதுக்காகவாவது வாசல்ல ஒரு போர்டு மாட்டியிருக்கிறவங்க பொறுமையா கடைசி வரைக்கும் படிச்சிடுங்க.

2/
"டாக்டருக்கு போர்டைப் பத்தி என்ன தெரியும்?"னு நீங்க கேக்கலாம். நியாயமான கேள்வி. 2018 ஆடி மாசம் வரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியாது. அந்த மாசம் என் கிளினிக் போர்டு கிழிச்ச ஒரு தலைக்கு நானே தையல் போட்டேன். அதுக்கப்புறம் கேட்டு, படிச்சு, பாத்துத் தெரிஞ்சுக்கிட்டதைத்தான் இங்க எழுதறேன்.

3/
2016-ல சரவணம்பட்டில கிளினிக் திறந்தேன். சத்தி ரோட்டுல இருந்து உள்ள திரும்பற ஒரு தெரு. 2011-ல கோவை மாநகராட்சியோட சேர்ந்த ஊர் இது. ஐ.டி. கம்பெனி, காலேஜ், லேடீஸ் ஹாஸ்டல், அபார்ட்மென்ட்னு வருஷத்துக்கு வருஷம் வளர்ந்துட்டே இருக்கு. வாரத்துக்கு ஒரு புதுக் கடை. கடைக்குக் கடை போர்டு. "இத்தனை போர்டுக்கு நடுவுல சின்னதா வெச்சா யாரு டாக்டர் பாப்பாங்க? பெருசா போட்டு விடுங்க"ன்னு தெரிஞ்சவங்க எல்லாரும் சொன்னாங்க.

4/
போட்டேன். 12-க்கு 4 அடி. இரும்பு ஸ்கொயர் பைப்ல ஃப்ரேம், அது மேல பிளக்ஸ். கழுத்துல ஸ்டெதாஸ்கோப்போட நான் சிரிக்கிற போட்டோ. ஒரு பெரிய சிவப்பு பிளஸ். என்னென்ன பாக்கறோம்னு பதினைஞ்சு வரி. காலைல சொன்னேன், சாயங்காலம் ரெண்டு பசங்க ஒரு ஏணியும் டிரில் மெஷினும் எடுத்துட்டு வந்து முக்கால் மணி நேரத்துல மாட்டிட்டுப் போயிட்டாங்க. நானும் கீழே நின்னு செல்ஃபி எடுத்து வாட்ஸ்அப்ல ஸ்டேட்டஸ் வெச்சேன்.

5/
ஒரு வருஷத்துல வெயில் பட்டு பிளக்ஸ்ல இருந்த சிவப்பும் மஞ்சளும் போயிடுச்சு. நீலம் மட்டும் மிச்சம். என் போட்டோ ஆக்சிஜன் குறைஞ்ச பேஷண்ட் மாதிரி ஆயிடுச்சு. அந்தப் பசங்களே வந்தாங்க, பழைய பிளக்ஸைக் கிழிச்சுட்டு அதே ஃப்ரேம்ல புதுசா ஒண்ணு இழுத்துக் கட்டிட்டுப் போனாங்க. ஃப்ரேமை யாரும் பாக்கல. நானும் பாக்கல. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

6/
கோயமுத்தூர்க்காரங்களுக்கு ஆடிக்காத்தைப் பத்தி நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் நண்பர்களுக்காக ஒரு வரி. மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் மாதிரி நிக்குது. பாலக்காட்டுல மட்டும் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு அந்தச் சுவர்ல ஒரு சந்து. தென்மேற்குப் பருவக்காத்து முழுக்க அந்தச் சந்து வழியா எங்க பக்கம் பாயும். பல்லடம், உடுமலைப் பக்கம் அத்தனை காத்தாலை நிக்கிறதுக்குக் காரணமே இந்தக் காத்துதான். அம்மியே பறக்கும்னு பெரியவங்க சொன்ன மாசத்துல என் பிளக்ஸ் எம்மாத்திரம்?

7/
சாயங்காலம் ஆறரை மணி இருக்கும். உள்ள ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் பாத்துட்டு இருந்தேன். வாசல்ல இரும்பு வளையற மாதிரி ஒரு சத்தம், அப்புறம் "டொம்"னு ஒண்ணு. ஓடிப் போய்ப் பாத்தா போர்டோட மேல் பக்கம் சுவத்தை விட்டு முழுசா வந்து, ஒரு மூலைல தொங்கி ஆடிட்டு இருக்கு. கீழே ஒரு பெரியவர் மொபெட்டைப் பிடிச்சபடி உக்காந்துட்டாரு. முகமெல்லாம் ரத்தம்.

8/
அவர் என் பேஷண்ட்தான். 68 வயசு. அன்னூர் பக்கம் ஊர், மகன் வீட்டுல தங்கியிருந்தாரு. சர்க்கரை, பிரஷர் ரெண்டும் உண்டு. இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுத்துட்டு இருந்தவர். அந்த ஆஸ்பிரினை எழுதிக் கொடுத்ததும் நான்தான்.

9/
ஒரு மருத்துவக் குறிப்பு சொல்லிடறேன். தலைத்தோல்ல அடி பட்டா ரத்தம் பயங்கரமா வரும். அங்க ரத்தக்குழாய்கள் கெட்டியான நார்த்திசுவுக்குள்ள ஒட்டிக்கிட்டு இருக்கறதால, வெட்டுப்பட்டா சுருங்காம வாயைத் திறந்தபடியே நிக்கும். பதறாம சுத்தமான துணியை மடிச்சு வெச்சு பத்து நிமிஷம் விடாம அழுத்துங்க. நடுவுல நடுவுல எடுத்துப் பாக்காதீங்க. காப்பித்தூள், மஞ்சள்தூள் எதையும் வைக்காதீங்க.

10/
காயம் 5 செ.மீ. நீளம். கழுவி, மரத்துப்போற ஊசி போட்டு, ஆறு தையல். டி.டி. ஊசி. ஆஸ்பிரின் எடுக்கற வயசானவர்ங்கறதால உள்ளுக்குள்ள ரத்தக்கசிவு இருக்குமோன்னு பயந்து சி.டி. ஸ்கேனுக்கு நானே கூட்டிட்டுப் போனேன். ஸ்கேன் நார்மல். அந்த ரிப்போர்ட் வர்ற வரைக்கும் இருந்த நாப்பது நிமிஷத்தை நான் மறக்கல.

11/
பெரியவர் ரொம்ப சாதாரணமா இருந்தாரு. "அட, காத்துக்கு வுழுந்துருச்சுங் டாக்டரு, நீங்க என்னங் பண்ணுவீங்க, வுடுங்"ன்னாரு. மகன் அப்படி விடல. கத்தல, சண்டை போடல. ஒரே ஒரு கேள்வி கேட்டாரு. "ரெண்டு வருசமா அப்பாவை மூணு மாசத்துக்கு ஒருக்கா ரிவ்யூக்கு வரச் சொல்றீங்க. உங்க போர்டை நீங்க ஒருக்காவாச்சும் பாத்திருக்கீங்களா, டாக்டர்?"

12/
என்கிட்ட பதில் இல்லை. சேதி கேள்விப்பட்டு போன் பண்ணின எல்லாரும் "இயற்கை, காத்து, யாரு என்ன பண்ண முடியும்"னு ஆறுதல் சொன்னாங்க. அந்த ஆறுதலை என்னால ஏத்துக்க முடியல. ஏன்னா அடுத்த நாள் காலைல ஏணி போட்டு ஏறி, முதல் தடவையா அந்தச் சுவத்தைக் கிட்டப் போய்ப் பாத்தேன்.

13/
நான் பாத்தது இதுதான்.
ஒண்ணு: அத்தனை பெரிய போர்டு வெறும் ஆறு ஸ்க்ரூல நின்னுருக்கு. பிளாஸ்டிக் ராவல் பிளக் வெச்சு அடிச்ச ஸ்க்ரூ.
ரெண்டு: அந்தச் சுவர் ஹாலோ பிளாக். உள்ளே வெத்து. ஸ்க்ரூ பிடிச்சிருந்தது ஒரு இஞ்சு ஓட்டை மட்டும்.
மூணு: ஃப்ரேமோட வெல்டிங் மூட்டுல பைப் உள்ளிருந்து துருப்பிடிச்சு, விரலால தள்ளினா பொடிஞ்சது.
காத்து கடைசியா ஒரு தள்ளு தள்ளிச்சு, அவ்வளவுதான். நோய் ரெண்டு வருஷமா இருந்திருக்கு. நான்தான் செக்கப் பண்ணல.

14/
காத்தோட கணக்கைப் பாப்போம். நம்ம கட்டட இன்ஜினியர்கள் காத்துக்குக் கணக்குப் போடறது ஐ.எஸ். 875, மூணாம் பகுதிங்கற இந்தியத் தர விதிப்படி. அதுல கோயமுத்தூருக்குக் கொடுத்திருக்கற அடிப்படைக் காத்து வேகம் நொடிக்கு 39 மீட்டர். அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர். தினமும் அப்படி அடிக்காது. எப்பவாவது அடிச்சா தாங்கணும்னு வெச்சிருக்கற கணக்கு.

15/
காத்து மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்துல நேரா அடிச்சா, 12-க்கு 4 அடி போர்டு மேல விழற அழுத்தம் சுமார் 110 கிலோ. 140-ல அடிச்சா சுமார் 415 கிலோ. வேகம் ரெண்டு மடங்கானா அழுத்தம் நாலு மடங்கு. இது எளிமையான கணக்கு. இடம், உயரம், வடிவம் எல்லாம் சேர்த்து இன்ஜினியர் போட்டா இன்னும் கூடலாம். போர்டோட எடை என்னவோ முப்பது கிலோதான். நாம எடையைத் தாங்கற மாதிரி மாட்டறோம், காத்தைத் தாங்கற மாதிரி மாட்டறதில்லை.

16/
இது என் ஒருத்தனோட கதையா இருந்தா எழுதியிருக்க மாட்டேன்.
2019 செப்டம்பர் 12. சென்னை பள்ளிக்கரணை. கட்சிப் பிரமுகர் வீட்டுத் திருமணத்துக்கு வெச்ச பேனர், ஸ்கூட்டர்ல போன சுபஸ்ரீ மேல விழுந்து, பின்னாடி வந்த தண்ணி லாரி ஏறிடுச்சு. 23 வயசு.
2024 மே 13. மும்பை காட்கோபர். புழுதிக்காத்துல பெட்ரோல் பங்க் மேல விளம்பரப் பலகை விழுந்து 17 பேர் இறந்தாங்க. 40-க்கு 40 அடிக்குத்தான் அனுமதி. அங்க நின்னது 120-க்கு 120.

17/
நம்ம பக்கமே ஒண்ணு. 2023 ஜூன் 1. கோவை மாவட்டம் கருமத்தம்பட்டி அருகே, நெடுஞ்சாலை ஓரத்துல பெரிய இரும்புச் சட்டத்து மேல ஏறி வேலை பாத்துட்டு இருந்தப்ப, காத்துல சட்டமே சரிஞ்சு மூணு தொழிலாளிங்க இறந்தாங்க. செய்தியைப் படிச்சப்ப எனக்கு என் கிளினிக் வாசல்ல ஏணில ஏறின அந்த ரெண்டு பசங்க ஞாபகம்தான் வந்தது. போர்டுக்கு முதல்ல பலியாகறது பெரும்பாலும் அது மேல ஏறறவங்கதான். அன்னிக்கு அவங்களுக்கு ஹெல்மெட் இருந்துச்சா, இடுப்புல பெல்ட் இருந்துச்சான்னு நான் கேக்கவே இல்லை.

18/
அடுத்த போர்டை எப்படிப் போடலாம்னு யோசிச்சப்ப எனக்குப் பாடம் எடுத்தவர் இன்னொரு பேஷண்ட். பிரஷர் மாத்திரைக்கு வர்ற ஒரு பழைய ஓவியர் அண்ணா. பிளக்ஸ் வர்றதுக்கு முன்னாடி கணபதி, சரவணம்பட்டி, கோவில்பாளையம்னு பாதிக் கடைக்குத் தகரத்துல பெயிண்டால போர்டு எழுதினவர். பிளக்ஸ் வந்ததும் தொழில் போச்சு. இப்ப ஒரு மில்லுல வாட்ச்மேன்.

19/
அவர் சொன்னாரு: "எங்க காலத்துல பொங்கலுக்குப் பொங்கல் போர்டுக்கு டச்சப் பண்ணக் கூப்புடுவாங்கோ. ஏணி போட்டு ஏறுனா முதல்ல போர்டைப் புடிச்சு ஆட்டிப் பாப்பேனுங். ஆடுச்சுன்னா கீழ வந்து மொதலாளிகிட்டச் சொல்லிப்போட்டுத்தான் பிரஷ்ஷைத் தொடுவேன். நான் ஏறி நிக்கோணுமில்லீங்க? இப்ப பிளக்ஸை மாத்தறானுங்க. தோலை மாத்திப்போட்டுப் போயிடறானுங்க, எலும்பை எவனும் பாக்கறதில்ல."

20/
நான் அஞ்சு வருஷம் எம்.பி.பி.எஸ். படிச்சதுல இதைவிடத் தெளிவா ஒரு பாடம் கேட்டதில்லை. பழைய போர்டுக்கு ரிவ்யூ தானா நடந்தது. எழுத்து மங்கும், எழுதறவர் வருவார், வந்தவர் ஆட்டிப் பாப்பார். பிளக்ஸ் விலை குறைச்சு, வேகத்தைக் கூட்டிச்சு. கூடவே அந்த ரிவ்யூவையும் எடுத்துட்டுப் போயிடுச்சு. அதை நாமதான் திரும்பக் கொண்டு வரணும்.

21/
சரி, புதுசா போர்டு போடறவங்களுக்கு, நான் கத்துக்கிட்ட வரிசைல சொல்றேன். முதல் கேள்வி "எந்த மெட்டீரியல்?" இல்லை. "எவ்வளவு பெருசு வேணும்?"
போர்டுக்காரங்க வெச்சிருக்கற ஒரு தோராயக் கணக்கு: பத்தடி தூரத்துக்கு ஒரு இஞ்சு உயர எழுத்து இருந்தா நல்லாத் தெரியும். எங்க தெருல எதிர்ப்பக்கம் நிக்கிறவருக்கு 40 அடி. அப்போ 4 இஞ்சு எழுத்து. தமிழ்ல கொம்பு, சுழி, புள்ளி எல்லாம் இருக்கறதால ஓவியர் அண்ணா 6 இஞ்சு வைக்கச் சொன்னாரு. பேரு, படிப்பு, நேரம். 6-க்கு இரண்டரை அடி போதும்னு வந்துச்சு.

22/
12-க்கு 4 எங்க, 6-க்கு இரண்டரை எங்க? அதே 72 கிலோமீட்டர் காத்துக்கு இப்ப அழுத்தம் சுமார் 34 கிலோதான். மெட்டீரியலை மாத்தாமலே ஆபத்துல முக்கால் பங்குக்குக் கிட்ட குறைஞ்சு போச்சு. போட்டோவையும் பதினைஞ்சு வரியையும் எடுத்ததுதான் நான் செஞ்ச பெரிய ரிப்பேர்.

23/
டாக்டர் நண்பர்களுக்குத் தனியா ஒண்ணு. இந்த விஷயம் நாம பரீட்சைக்குப் படிச்சதுதான். இந்திய மருத்துவக் கவுன்சிலோட 2002 நடத்தை விதிகள்ல தெளிவா இருக்கு: மருத்துவர் வழக்கத்துக்கு மீறின பெரிய போர்டு வைக்கக்கூடாது. பேரு, படிப்பு, பட்டம், சிறப்புத்துறை, பதிவு எண், எந்த மாநிலக் கவுன்சில் என்பதைத் தவிர வேற எதையும் அதுல எழுதக்கூடாது. நாம வேலை செய்யாத இடத்துலயும் மெடிக்கல் ஷாப்லயும் நம்ம போர்டு தொங்கக்கூடாது. என் பழைய போர்டு இந்த விதியோட முதல் வரிலயே ஃபெயில்.

24/
அந்தச் சிவப்பு பிளஸ்? வெள்ளைப் பின்னணில சிவப்புச் சிலுவை செஞ்சிலுவைச் சங்கத்தோட பாதுகாக்கப்பட்ட சின்னம். போர்க்களத்துல "இவங்களைச் சுடாதே"ன்னு சொல்ற அடையாளம். இந்தியால ஜெனீவா ஒப்பந்தங்கள் சட்டம், 1960-ன்படி அனுமதியில்லாம யாரும் பயன்படுத்தக்கூடாது. டாக்டர், ஆம்புலன்ஸ், மெடிக்கல் ஷாப் யாருக்கும் விலக்கில்லை. புது போர்டுல எடுத்துட்டேன். கடை வெச்சிருக்கறவங்களுக்கு ஒண்ணு: தமிழ்நாட்டுல பெயர்ப்பலகைல தமிழ் முதல்ல, பெருசா இருக்கணும். தமிழ், ஆங்கிலம், பிற மொழிக்கு 5:3:2 விகிதம்.

25/
ரெண்டாவது கேள்வி, "எதுல மாட்டறோம்?" சுவத்தைத் தட்டிப் பாருங்க. கொட்டாங்குச்சி மாதிரி சத்தம் வந்தா ஹாலோ பிளாக். அதுல கனமான போர்டு வேண்டாம். கான்கிரீட் பீம், லிண்டல், தூண் எங்க இருக்குன்னு கட்டின மேஸ்திரியைக் கேட்டு, அதுல ஆங்கர் போல்ட் போடச் சொல்லுங்க. பீம் எட்டலைன்னா, பீம்ல இருந்து பீமுக்கு ஒரு இரும்புப் பட்டை போட்டு அதுல போர்டைப் பிடிக்கலாம். பெரிய போர்டு, மொட்டை மாடி போர்டு, தனித் தூண் போர்டுன்னா கண்டிப்பா சிவில் இன்ஜினியர்கிட்ட வரைபடம் வாங்குங்க. வெல்டிங் பட்டறைக்காரரோட அனுபவம் அதுக்குப் போதாது.

26/
மூணாவதாத்தான் மெட்டீரியல்.
பிளக்ஸ்: ஆறு மாசம், ஒரு வருஷத் தேவைக்குச் சரி. நிரந்தர போர்டுக்கு வேண்டாம்.
ஏ.சி.பி. ஷீட்: நடுவுல பிளாஸ்டிக், ரெண்டு பக்கமும் மெல்லிய அலுமினியம். வெளியே மாட்டறதுக்கு பி.வி.டி.எஃப். பூச்சு உள்ளதாக் கேட்டு வாங்குங்க. உள்ளறைக்கான பாலியெஸ்டர் பூச்சு விலை கம்மி, வெயில்ல சீக்கிரம் வெளுக்கும். நடுவுல இருக்கற சாதா பிளாஸ்டிக் தீப்பிடிக்கும். 2017-ல லண்டன் கிரென்ஃபெல் டவர்ல 72 பேரைப் பலி வாங்கின தீ அந்த மாதிரி ஷீட் வழியாத்தான் மேலே பரவிச்சு. அதனால அது பின்னாடி ஒட்டுப் போட்ட வயர் கூடவே கூடாது.

27/
அக்ரிலிக் எழுத்து: பாக்க நல்லாருக்கும். ஒட்டினது மட்டும் போதாது, பின்னாடி ஸ்க்ரூவும் இருக்கணும். ஒவ்வொரு எழுத்தும் தனியா விழக்கூடிய பொருள்.
தகரத்துல பெயிண்ட்: இன்னும் செத்துப் போகல. நிழல் விழற சுவருக்கு அருமை.
ஃப்ரேமுக்கு ஜி.ஐ. பைப். வெல்டிங் பண்ணின இடத்துல துத்தநாகப் பூச்சு எரிஞ்சு போயிடும், துரு அங்கதான் ஆரம்பிக்கும். அந்த இடத்துல ஜிங்க் பிரைமர் அடிச்சுட்டு மேல பெயிண்ட் அடிக்கச் சொல்லுங்க. பைப்போட வாயை மூடி அடைக்கணும், தண்ணி உள்ளே போகக்கூடாது. ஸ்க்ரூ எஸ்.எஸ். இந்த நாலும் சேர்த்து கூடற செலவு ஒரு ஸ்கேன் செலவை விடக் கம்மி. கணக்குப் பாத்துட்டுத்தான் சொல்றேன்.

28/
லைட் போர்டு வைக்கறவங்க இதைக் கண்டிப்பாப் படிங்க. எல்.இ.டி. ஓடறது 12 வோல்ட்ல, அது பயமில்லை. ஆனா அதுக்குக் கரண்ட் தர்ற எஸ்.எம்.பி.எஸ். பெட்டிக்கு வீட்டுக் கரண்ட் 230 வோல்ட் வருது. மழைத்தண்ணி அதுல இறங்கினா மொத்த இரும்பு ஃப்ரேமும் ஷாக் அடிக்கும். பெட்டியைக் கட்டடத்துக்குள்ள வைங்க. ஃப்ரேமுக்கு எர்த் கொடுங்க. அந்த லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடுங்க. அதைத் தாண்டின கரண்ட் நெஞ்சு வழியாப் போச்சுன்னா இதயத் துடிப்பு தாறுமாறாகற அபாயம் ஏறிட்டே போகும், அதனாலதான் அந்த அளவு. நடைபாதைல வைக்கற லைட் ஸ்டாண்டை ஒரு குழந்தை தொடற உயரத்துலதான் வைக்கறோம்ங்கறதை மறக்காதீங்க.

29/
இனி ரிவ்யூ. வருஷத்துக்கு மூணு தடவை, அஞ்சு நிமிஷம்: கோடை மழைக்கு முன்னாடி மாசில, ஆடிக்காத்துக்கு முன்னாடி வைகாசில, ஐப்பசி மழைக்கு முன்னாடி புரட்டாசில.
கீழே நின்னு பாக்க வேண்டியது:
போல்ட்டுக்குக் கீழே சுவத்துல பழுப்புக் கோடு இருக்கா? உள்ளே துரு ஓடுது.
ஒரு பக்கம் இறங்கியிருக்கா? காத்துக்கு டக் டக்னு சத்தம் வருதா?
போல்ட்டைச் சுத்தி சுவர்ல விரிசலா?
லைட் மினுக்குதா? உள்ளே தண்ணி.
குளவிக்கூடு இருக்கா?
துடைக்க, சோப்புத்தண்ணியும் மெல்லிய துணியும் போதும். தின்னர் வேண்டாம், எழுத்தோட சேர்த்து வந்துடும்.

30/
வருஷத்துக்கு ஒரு தடவை ஆள் வெச்சு ஏறி, பிடிச்சு ஆட்டிப் பாக்கச் சொல்லுங்க. போல்ட்டை முறுக்கச் சொல்லுங்க. ஏறறவருக்கு ஹெல்மெட், பெல்ட், ஏணியைப் பிடிக்க ஒரு ஆள். லைட் போர்டுன்னா மெயினை ஆஃப் பண்ணிட்டு. பக்கத்துல ஈ.பி. லைன் போனா அலுமினிய ஏணி வேண்டாம், மின்வாரியத்துல சொல்லி லைனை நிறுத்திட்டு ஏறச் சொல்லுங்க. காத்து அடிக்கற நாள்ல யாரையும் ஏத்தாதீங்க. "அஞ்சு நிமிஷ வேலைதான் சார்"னு அவங்களே சொன்னாலும் ஏத்தாதீங்க. முதலாளி நாம, வேண்டாம்னு சொல்ற பொறுப்பும் நமக்குத்தான்.

31/
யாராவது விழுந்துட்டா: தூக்கி உக்கார வைக்காதீங்க, தண்ணி கொடுக்காதீங்க. கழுத்தை அசைக்காம படுத்தபடியே விட்டுட்டு 108-க்குக் கூப்பிடுங்க. ஷாக் அடிச்சா முதல்ல மெயினை ஆஃப் பண்ணுங்க, அப்புறம்தான் ஆளைத் தொடணும். தலைல அடிபட்டவர் நல்லாப் பேசினாலும் 24 மணி நேரம் கவனிங்க. திரும்பத் திரும்ப வாந்தி, கூடிட்டே போற தலைவலி, தூக்கக் கலக்கம், குழறல், வலிப்பு, கை கால் பலவீனம், இதுல எது வந்தாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கறவர்னா அறிகுறி வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க.

32/
இப்ப என் கிளினிக் போர்டு 6-க்கு இரண்டரை. வெள்ளைல கருநீல எழுத்து. எழுத்துக்கு அளவு சொல்லிக் கோடு போட்டுக் கொடுத்தது ஓவியர் அண்ணா. பீம்ல நாலு ஆங்கர் போல்ட். பெருசைக் கழட்டிச் சின்னது வெச்சதுல பேஷண்ட் குறைஞ்சாங்களான்னு நிறைய பேர் கேட்டாங்க. குறையல. இந்த ஊர்ல யாரும் போர்டைப் பாத்து டாக்டரைத் தேடறதில்லை, பக்கத்து வீட்டு அக்காவைக் கேட்டுத்தான் வர்றாங்க. போர்டோட வேலை, கேட்டுட்டு வர்றவங்களுக்கு வாசலைக் காட்டறது மட்டும்தான்.

33/
அந்தப் பெரியவர் இப்பவும் வர்றாரு. ஆறு தையலோட தழும்பு நரைமுடிக்குள்ள மறைஞ்சு போச்சு. ஆனா மொபெட்டை நிறுத்திட்டு உள்ளே வர்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் மேலே நிமிர்ந்து பாப்பாரு. போன வைகாசில ரிவ்யூக்கு வந்தப்ப, நான் பி.பி. பாக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அவர் கேட்டாரு: "இந்த மாசம் போர்டுக்கு முறுக்கியாச்சுங்களா டாக்டரு?"
"காலைலயே முறுக்கியாச்சுங்க"ன்னேன்.
"அப்பச் சரி, பி.பி. பாருங்"னு கையை நீட்டினாரு.

34/
இதைப் படிச்சு முடிச்சதும் ஒரு வேலை பண்ணுங்க. லைக் வேண்டாம். உங்க கடை வாசலுக்குப் போய் நின்னு மேலே பாருங்க. பழுப்புக் கோடு தெரிஞ்சா இன்னிக்கே ஒருத்தரைக் கூப்பிடுங்க. அது சரியாகற வரைக்கும் போர்டுக்குக் கீழே யாரும் நிக்காம, வண்டி நிறுத்தாம ஒரு கயிறு கட்டி விடுங்க.


பொது மருத்துவர், சரவணம்பட்டி